கூடத்துக்குள் முடித்த விஷயம்

அடி அண்ணாமலை
14.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை கலா எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? சூரத்தில் புது டாக்டரிடம் காட்டினதாக மணி சொன்னான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "அம்மாவுக்கு எது வேணுமோ அது மட்டும் கேக்குது சித்தி" என்கிறான். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வியாதிதான்.

போனில் பேசினால் உனக்குக் கேட்காது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மருமகள் ரேவதி படித்துவிட்டுத்தான் உனக்குக் காட்டுகிறாள். ஆகவே நீ சொன்னபடியே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். தபால் ஆபீஸில் கவர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இந்த வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் விடிய விடியப் போனது, கடையில் உட்கார நேரமில்லை. கடைக்கு எதிரே இருக்கும் அடியார் கூடத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனே, அங்கே என்னை இப்போது மகளிர் அணித் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். பௌர்ணமிக்கு அன்னதானம், சனி ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு. பாட்டு வாத்தியார் சின்னசாமி ஐயா பாடினால் கூட்டம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். கார்த்திகை தீபத்துக்குப் பிள்ளைகளை மேடையேற்றப் போகிறார். தலைவர் அருணகிரி அண்ணன் எதற்கும் என்னைக் கேட்காமல் முடிவு எடுப்பதில்லை. உன் தங்கை பெரிய ஆளாகிவிட்டாள், தெரிந்துகொள்.

நடுவில் ஒரு சின்னச் சச்சரவு வந்தது. கூடத்துக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம். அது கடிதத்தில் எழுதும் விஷயமில்லை.

மாத்திரையை மறக்காதே.

உன் அன்புத் தங்கை
சந்திரகலா


சூரத்
27.6.2025

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

அக்கா கஸ்தூரியின் ஆசிகள். நான் நலம். காது போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரேவதி மிக்சி போடுவதும் மணி குறட்டை விடுவதும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அன்னதானப் பாயசத்தை அவர் கண்ணில் காட்டாதே.

தலைவி ஆனதற்குச் சந்தோஷம். எட்டாம் வகுப்பில் கிளாஸ் லீடராக இருந்தபோது கரும்பலகையில், ஃபெயிலாகி உன்னோடு உட்கார்ந்திருந்த என் பெயரைத்தான் முதலில் எழுதினாய். பதவி வந்தால் நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

எழுதும் விஷயமில்லை என்று எழுதினாயே, அது என்ன? எழுதாமல் விட நினைத்திருந்தால் அந்த வரியையே எழுதியிருக்க மாட்டாய். சொல்லு.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


அடி அண்ணாமலை
12.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு இந்தப் பௌர்ணமியில் ஒரு நெய் விளக்கு ஏற்றினேன்.

நீ விடமாட்டாய், சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சமையலறையில் காய் நறுக்க அருணாதேவி என்று ஒருத்தி வருவாள். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்தப் பாப்பாவும் பாட்டு வகுப்பில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் வாத்தியார் தன்னை மட்டும் நிறுத்தி வைத்துத் தொடக்கூடாத மாதிரி தொட்டார் என்று அது தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. அருணாதேவி அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். நான் அருணகிரி அண்ணனிடம் சொன்னேன். போலீஸ், கோர்ட் என்று போனால் பெண் பிள்ளையின் பெயர் கெடும், கூடத்தின் பெயரும் கெடும் என்று, நம் வழக்கப்படியே முடித்தோம். கூடத்து அம்மன் முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினோம். சொன்னது உண்மையென்றால் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

வாத்தியார் ஐயா வந்தார், "நான் ஒரு தப்பும் பண்ணலை தாயே" என்றார், உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்துவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. மறுபடியும் கற்பூரம் ஏற்றிப் பாப்பாவைக் கூப்பிட்டோம். "சும்மா அணைச்சுடு கண்ணு, சுடாது" என்று நானே கையைப் பிடித்தேன். அது கையை உதறிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. உண்மையாக இருந்தால் ஏன் ஓடும்? எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அருணாதேவி வாத்தியார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். அவரும் பெருந்தன்மையாக, "கொழந்த தானே, வுடுங்க" என்றார். பாப்பாவை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டோம். ஊருக்கு ஒன்றும் தெரியாது.

அவ்வளவுதான். நீ இதைப் பெரிதாக்காதே.

உன்
கலா


சூரத்
24.7.2025

கலாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன வயது? எழுதவே இல்லையே. ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, நெருப்பைக் காட்டி அணை என்றால் நானே ஓடியிருப்பேன். கற்பூரம் பொய் சொன்னவன் கையையும் சுடாது, உண்மை சொன்னவன் கையையும் சுடாது, வேகமாக அடித்தால் அணைந்துவிடும். பொங்கலுக்குப் பொங்கல் நாம் விளையாடினதுதானே?

ஏன் அணைக்கவில்லை என்று அந்தப் பிள்ளையை யாராவது பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டீர்களா? இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த வகுப்புக்குப் போகின்றன?

அக்கா


அடி அண்ணாமலை
22.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆடி வெள்ளி, ஆடிக் கிருத்திகை என்று மூச்சுவிட நேரமில்லை. இந்த ஆடிப் பௌர்ணமிக்கு மழை. கூட்டம் கம்மி, சேறு ஜாஸ்தி. உன் மாப்பிள்ளை கடைக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார், கதவைத் திறந்து திறந்து அவரே பார்த்துக்கொள்கிறார்.

சூரத்தில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பது சுலபம் அக்கா. இந்த ஊரில் நான்தான் காலையில் எழுந்து எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும். வாத்தியார் ஐயா எத்தனை கல்யாணத்துக்குப் பாடியிருக்கிறார், எத்தனை சாவுக்குப் பதிகம் படித்திருக்கிறார் தெரியுமா? அப்பா போனபோது தலைமாட்டில் நின்று பாடியது அவர்தான்.

அருணாதேவிக்கு ஒரு வாரமாக விஷக்காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பாப்பா என் கடையைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கமாகவே போகிறது. நேற்றுக் கூப்பிட்டு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன். வாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலா


சூரத்
1.9.2025

அன்புக் கலா,

நலம்.

நான் கேட்டது எதற்கும் உன் கடிதத்தில் பதில் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு என் வாழ்த்துகள்.

கடலை மிட்டாய் கொடுக்கத் தோன்றியதே, அந்தக் கலாவை எனக்குத் தெரியும். தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. தலைவியாகப் போகாதே, சும்மா போ. அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார். அது என்ன சொன்னாலும் எனக்கு எழுத வேண்டாம். நீ கேட்டால் போதும்.

அப்பாவுக்குப் பாடினார் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. நன்றாகத்தான் பாடினார். அதற்கும் இதற்கும் என்னடி சம்பந்தம்?

அக்கா


அடி அண்ணாமலை
29.9.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அருணாதேவி பிழைத்துவிட்டாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே கஞ்சியோடு போனேன். பாப்பா அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். பார்த்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அம்மா மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறது. நானும் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவாகத்தான் பேசியது.

"ஆன்ட்டி, எங்கம்மா செத்துருவாங்களா? நான் சொன்னதாலதான?"

என்ன கண்ணு சொன்னாய் என்றேன். அந்த ஆள், அக்கா, அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அதே அம்மன் முன்னால், அதே தட்டில் கற்பூரம் ஏற்றி, இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அணைக்க வைத்திருக்கிறான். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, மீறுனா உங்கம்மாவ சாமி எடுத்துக்கும்" என்று. இது அதையும் மீறி அம்மாவிடம் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் நாங்கள், பெரிய மனிதர்கள், அதே இடத்துக்கு அதைக் கூட்டிப்போய் அதே கற்பூரத்தை ஏற்றினோம்.

"ஏன் கண்ணு அன்னிக்கு ஓடுனே?" என்று கேட்டேன்.

"சத்தியத்த மீறுனத சாமி இன்னும் பாக்கலனு நெனச்சேன். மறுபடி கற்பூரம் ஏத்துனா இந்தப் பக்கம் பாத்துரும்ல?"

அந்தக் கற்பூரம் என் கடைக் கற்பூரம் அக்கா. நான்தான் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் வாய்விட்டு அழுதேன். பாப்பா பயந்துபோய், "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டது. ஒன்றும் இல்லை, அம்மாவுக்குச் சரியாகிவிடும், நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் கஞ்சி ஊட்டினேன். இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டது.

நேரே அருணகிரி அண்ணனிடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். ஆனாலும், "தங்கச்சி, அவன வகுப்புலருந்து நிறுத்திடறேன். வேற ஊர் கூடத்துக்கு அனுப்பிடலாம். விஷயம் கூடத்தத் தாண்ட வாணாம், தீபம் வருது" என்றார்.

"வேற ஊர்ல புள்ளைங்க இல்லியாண்ணா?" என்று கேட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

உன் மாப்பிள்ளை முதலில் குதித்தார். "ஊர்ப் பொல்லாப்பு நமக்கு எதுக்குடி?" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தவர், காலையில் பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க, டிபன் துன்னுட்டே போலாம்" என்றார். அங்கே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. 1098 என்று ஒரு நம்பர் இருப்பது பாப்பாவின் பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, எங்களில் ஒருவரும் படிக்கவில்லை. அருணாதேவி தெம்பாகிக் கையெழுத்துப் போடும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்றார்கள். நானே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது ராத்திரியில் எழுந்து அம்மா மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறதாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் தங்கை
கலா


சூரத்
9.10.2025

என் கண்ணே கலா,

நான் நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை ரேவதியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எனக்குக் கேட்காது, தெரியும். யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. படித்து முடித்து அவள் மூக்கைச் சிந்தினாள். "அத்தை, இனி உங்க மெசேஜ ஒண்ணும் நான் படிக்க மாட்டேன்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். படிடி, பரவாயில்லை என்றேன்.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி நீயே உன்னைத் திட்டிக்கொண்டுவிட்டாய், எனக்கு வேலை மிச்சம். என் தங்கை வேங்கிக்காலுக்குப் போனாள் என்று இந்தத் தெருவில் தமிழ் தெரிந்த எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள ஆசை, சொல்லக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவின் பெயரை எங்கும் எழுதாதே, எனக்குக்கூட.

அதனிடம் இதைச் சொல். சூரத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறாள், அவள் சொன்னாள் என்று சொல். பயமுறுத்தி வாங்கின சத்தியம் சத்தியமே இல்லை. சாமி அதைக் கையிலேயே தொடாது.

மாப்பிள்ளைக்கு ஒரு தடவை பாயசம் கொடு. தப்பில்லை.

அக்கா


அடி அண்ணாமலை
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யாவரும் நலம். சூரத்தில் குளிர் ஆரம்பித்திருக்குமே, காதில் பஞ்சு வைத்துக்கொள்.

நீ சொன்னதைப் பாப்பாவிடம் அப்படியே சொன்னேன். "அந்தப் பெரியம்மாவுக்குத்தான் காது கேக்காதே, சாமி சொன்னது எப்பிடி கேட்டுச்சு?" என்றது. உன் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. இதற்கு நீயே பதில் எழுது.

அந்த ஆளைக் கைது செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். பேப்பரில் இரண்டு வரிதான் வந்தது, நம் பாப்பா யார் என்று தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. மகளிர் போலீஸ் அம்மா காக்கி போடாமல் சுடிதாரில் வீட்டுக்கே வந்து, பாயில் உட்கார்ந்து பேசினார்கள். அது தெரிந்த பிறகு இன்னும் இரண்டு அம்மாக்கள் என் கடைக்கு வந்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை. வாழைப்பழத் தாரைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டு வீட்டிலும் அதே கதை, அதே கற்பூரம். அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தில் என்னைத் தலைவி பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிலர் பேசுவதில்லை. என் கடையில் யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வேறு. இந்த ஐப்பசிப் பௌர்ணமிக்கு வந்த கூட்டத்துக்கு அது தெரியவில்லை பாவம், தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

போன வாரம் அருணகிரி அண்ணன் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அப்புறம், "நானும் போலீஸ்ல போயி அன்னிக்கு நடந்தத சொல்லிட்டேன் தங்கச்சி. கற்பூரம் ஏத்துனதயும் சொன்னேன். இனிமே இந்த மாதிரி எது வந்தாலும் கூடத்துல பஞ்சாயத்து கெடயாதுனு சொல்லிட்டேன்" என்றார். அவர் எழுந்து போகும்போது எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

ஒன்றை எழுத மறந்தேன், இல்லை, கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். பாப்பாவை மாஜிஸ்திரேட் அம்மாவிடம் வாக்குமூலம் கொடுக்கக் கூட்டிப்போனார்கள். வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான், அங்கேயும் சத்தியம் செய் என்று சொல்லிவிட்டால் பிள்ளை மறுபடியும் ஓடிவிடுமே என்று. உள்ளே கூட இருந்த அருணாதேவி வந்து சொன்னாள். பாப்பா போய் உட்கார்ந்ததுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றதாம். அந்த அம்மா, "உன்னமாதிரி சின்னப் புள்ளைங்க சத்தியம் பண்ண வேணாம்மா. நடந்தத நடந்தபடி சொன்னா போதும், நான் நம்புறேன்" என்றார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வெளியே வந்து, பசிக்கிறது என்றது. பரோட்டா வாங்கிக் கொடுத்தோம்.

வழக்கு இழுக்கும் என்கிறார்கள். இழுக்கட்டும். நாங்கள் போய்க்கொண்டேயிருப்போம்.

சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா. அழுகையும் வருகிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன்
கலா


சூரத்
21.11.2025

அன்புக் கலாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

நலம். பஞ்சு வைத்திருக்கிறேன்.

பாப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. பதில் இதுதான்: சாமி சொல்லி எனக்குக் கேட்கவில்லை. நானே யோசித்துத்தான் சொன்னேன். சரியா தப்பா என்று அதுவே பார்த்துவிட்டு எனக்கு எழுதட்டும்.

ரேவதி உனக்கு ஒரு சால்வை அனுப்புகிறாள். பதவி போனவர்களுக்குத்தான் சால்வை போடுவார்களாம். அவளுக்கும் வாய் வந்துவிட்டது.

ஆசிகளுடன்
அக்கா


அடி அண்ணாமலை
6.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை கிடைத்தது. ரேவதியிடம் சொல், தீபத்தன்று அதைத்தான் போர்த்திக்கொண்டேன். மலைமேல் தீபம் தெரிந்ததும் எங்கள் மொட்டை மாடியில் அருணாதேவியும் பாப்பாவும் நாங்களும் நின்று கும்பிட்டோம். கூடத்து மேடையில் இந்த வருஷம் பாட்டு இல்லை. பாப்பா பாடவும் இல்லை, பாடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தூக்கம் வருகிறது என்று எங்கள் வீட்டுப் பாயிலேயே படுத்துவிட்டது. விடியும் வரைக்கும் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை என்று அருணாதேவி காலையில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் கேள்விக்குப் பாப்பாவே பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்றேன். "லெட்டருனா கீழ பேரு போடணும், மிஸ் சொன்னாங்க" என்று சண்டை போட்டது. தடுக்க முடியவில்லை. படித்துவிட்டுக் கிழித்துவிடு. இல்லை, கிழிக்காதே, பத்திரமாக வைத்துக்கொள்.

கலா


அன்புள்ள சூரத் பெரியம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா? நான் அம்மாவிடம் சொன்னேன், கலா ஆன்ட்டியிடம் சொன்னேன், போலீஸ் ஆன்ட்டியிடம் சொன்னேன், ஜட்ஜ் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் அம்மா நன்றாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அ. கவியா
ஆறாம் வகுப்பு